மேடையில் இருந்தவர்களும் எங்கள் தரைப்பாலமும்

“மொதல்ல மெட்ராஸ்லருந்து வர்றவரு. அப்பால மாவட்டச் செயலாளர். அதுக்கப்புறம் நம்ம ஒன்றியச் செயலாளர். அண்ணி, கேக்கறீங்களா?”

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். காரை ஓட்டியபடியே எனக்குப் பாடம் நடத்திக்கொண்டு வந்தவர் என் கொழுந்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் தம்பி. மேடையில் யாரை முதலில் விளிப்பது, யாரை அடுத்து, யாருக்கு எந்த அடைமொழி என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இளைஞரணியை முன்னால் சொல்லி மகளிரணியைப் பின்னால் சொன்னால் என்ன தப்பு என்று நான் கேட்டதற்கு பிரேக்கில் காலை வைத்துவிட்டார்.

“இன்னா அண்ணி இப்டிக் கேக்கறீங்க? அத மாத்தி சொல்லிட்டு ஒருத்தரு இன்னிக்கி வரைக்கும் வூட்லயே குந்திகினு கீறாரு. பேப்பர்ல எழுதி வச்சிக்கினும் படிக்காதீங்க. பாத்துப் படிச்சா மனசுல இல்லன்னு நெனைப்பாங்க. வாயில தானா வரணும்.”

கள்ளக்குறிச்சிக்குப் போகும் சாலையின் இரண்டு பக்கமும் மரவள்ளி ஆளுயரத்துக்கு நின்றது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி வாய்க்குள் வரிசையைச் சொல்லிப் பார்த்தேன். சின்ன வயதில் மணலூர்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்தது நினைவுக்கு வந்தது. அப்போதும் ஏழாம் வாய்ப்பாட்டில்தான் தடுமாறுவேன்.

நான் எங்கள் ஊரின் ஊராட்சி மன்றத் தலைவி. ஆனதற்கு என் திறமை எதுவும் காரணமில்லை. என் வீட்டுக்காரர் கட்சியில் கிளைச் செயலாளராக இருந்தார். அவர் இறந்த கொஞ்ச காலத்தில் தேர்தல் வந்தது, எங்கள் ஊராட்சி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. ஆனால் யார் எந்தக் கட்சி என்பது எங்கள் தெரு நாய்க்குக்கூடத் தெரியும். துக்கம் விசாரிக்க வந்த அதே ஆட்கள் அதே நாற்காலியில் உட்கார்ந்து, “நீங்கதாம்மா நிக்கணும்” என்றார்கள். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வேட்புமனு கொடுக்கப் போன இடத்தில் அதிகாரி கணவர் பெயர் என்ன என்று கேட்டார். நான் கொழுந்தனார் முகத்தைப் பார்த்தேன். அவர்தான் சொன்னார். எங்கள் பக்கத்தில் என் வயதுப் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்வதில்லை. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று என் அம்மா சொல்லி வளர்த்தாள். அவருக்கு ஆயுசே இல்லாமல் போன பிறகும் எனக்கு அந்தப் பேர் வாயில் வரவில்லை. அதிகாரி படித்த பிள்ளை. சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதிக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் போன விதத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊருக்கும் கள்ளக்குறிச்சி ரோட்டுக்கும் நடுவில் ஓர் ஓடை இருக்கிறது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருவது. அதன் குறுக்கே ஒரு தரைப்பாலம். பாலம் என்று பேர்தானே தவிர, ஓடையின் தரையோடு தரையாகப் போட்ட சிமெண்டுத் தளம் அது. வருஷத்தில் பாதி நாள் அதன்மேல் ஆடுகள் படுத்திருக்கும். மலையில் மழை பிடித்தால் மட்டும் தண்ணீர் அதன்மேல் ஏறி ஓடும், ஊர் துண்டாகிவிடும். எங்கள் ஊரில் ஒரு துளிகூட விழுந்திருக்காது. வெயில் பளீரென்று அடிக்கும்போதே செம்மண் வெள்ளம் வரும்.

அப்படி ஒரு வெயில் நாளில்தான் அவருக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. வந்து அக்கரையில் விளக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றது. இறங்கினால் வண்டியையே அடித்துக்கொண்டு போகும் என்றார் டிரைவர். அவர் சொன்னதில் தப்பில்லை. காலனியிலிருந்து வந்த ஆட்கள்தான் என் வீட்டுக்காரரைக் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து, தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார்கள். அதே காலனியிலிருந்து எங்கள் கொல்லைக்காட்டில் களையெடுக்க வருபவள் ஒருத்தியும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு போனாள். நடு ஓடையில் அவர் தலையைத் திருப்பி, “என் செருப்ப எடுத்தாந்தாங்களா?” என்று கேட்டார். புதுச் செருப்பு. அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு ஏதோ மரத்துவிட்டது. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டபின் உதடு இருக்குமே, தொட்டால் தெரியும், ஆனால் நம்முடையது என்று தோன்றாது, அந்த மாதிரி. சாப்பிட்டேன், தூங்கினேன், ஓட்டுக் கேட்டேன், ஜெயித்தேன். எல்லாம் யாருக்கோ நடந்ததுபோல இருந்தது. அழவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

தலைவி ஆனபின் ஒரே ஒரு வேலையைத்தான் எனக்கென்று வைத்துக்கொண்டேன். அந்தத் தரைப்பாலத்தை உயர்த்திக் கட்ட வைப்பது. ஒன்றிய அலுவலகத்தில் கேட்டால், அது எங்கள் கையில் இல்லை, நெடுஞ்சாலைத் துறை என்றார்கள். நெடுஞ்சாலைத் துறையில், ஓடை நீர்வளத் துறையுடையது என்றார்கள். நீர்வளத் துறையில் ஒருவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஓடை எங்களுடையதுதான், ஆனால் பாலம் எங்களுடையது இல்லையே என்றார். ஒவ்வொருவரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். நாற்காலி போடாத ஆபீஸ் ஒன்றுகூட இல்லை. மேலேயிருந்து ஒரு வார்த்தை வந்தால் எல்லாம் தானாக நடக்கும் என்பதுதான் எல்லோரும் கடைசியில் சொன்னது.

மேலே இருப்பவரே கீழே வரப்போகிறார் என்று தெரிந்தபோது எனக்கு ஒரு சின்ன நம்பிக்கை வந்தது. கட்சியின் தேர்தல் அறிக்கையில் எங்கள் மாவட்டத்துக்கு என்னென்ன சேர்ப்பது என்று கேட்டறிய, சென்னையிலிருந்து ஒருவர் கள்ளக்குறிச்சிக்கு வருகிறார். பொருளாதாரம் படித்தவர், கட்சித் தலைமைக்கு நெருக்கமானவர் என்றார்கள். உள்ளாட்சித் தலைவர்கள், வியாபாரிகள், விவசாயச் சங்கத்துக்காரர்கள் எல்லோரையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள்.

கிளம்பும்போது, அன்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு வந்தாளே, அவள் தெருமுனையில் காரை மறித்தாள். கையில் அரிவாள், இடுப்பில் சும்மாடு. அவளுடைய மகளைத் திருக்கோவிலூர் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறது. தலைப்பிரசவத்துக்கு வளைகாப்பு போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்திருந்தாள்.

“ஐப்பசில நாள் குடுத்துகீறாங்கம்மா. மழை நாளு. ஒடம்பெல்லாம் வீங்கிக்கினு கீது புள்ளைக்கு. டாக்டரம்மா வேற பாத்து இருக்கச் சொல்லிட்டாங்க. ஐயாவத் தூக்கிக்கினு போன மாதிரி அதத் தூக்கிக்கினு போவ முடியுமா, சொல்லுங்க. பாலம் அதுக்குள்ள வராதுன்னு தெரியும். ஒரு மண்ரோடாவது மேடாக்கிக் குடுக்கச் சொல்லுங்க. பெரியவங்க சொன்னா ஆபீசருங்க செய்வாங்க இல்ல?”

“கேக்கறேன்” என்றேன்.

“மறக்காம கேட்டுக்கினு வாங்கம்மா.”

கார் நகர்ந்த பிறகும் கதவிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை. கொழுந்தனார்தான் ஹாரன் அடித்தார்.

கள்ளக்குறிச்சி எல்லைக்குள் நுழையும்போது கொழுந்தனார் குரலைத் தாழ்த்தினார். “மாவட்டப் பொருளாளரை மட்டும் ஒசத்தியா சொல்லிடுங்க, அண்ணி. அண்ணன் விட்ட பேரு அது.”

அந்தக் கதை எனக்குத் தெரியும். வெகு காலத்துக்கு முன்னால் எங்கள் ஊரில் நடந்த பொதுக்கூட்டத்தில் என் வீட்டுக்காரர் வரவேற்புரை ஆற்றினார். மேடையின் ஓரத்தில் இடமில்லாமல் நின்றிருந்த ஒருவர் பேரை விட்டுவிட்டார். அப்போது அந்த ஆள் பெரிய பொறுப்பில் இல்லை. ஆனால் மனுஷன் மளமளவென்று மேலே வந்துவிட்டார். பிற்பாடு என் வீட்டுக்காரர் இதே பாலத்துக்காக அவர் முன்னால் போய் நின்றபோது, “நம்ம பேருதான் ஒங்களுக்கு ஞாபகத்துலயே வராதே” என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். அத்தோடு சரி. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால் இந்த ‘அவர்களே, அவர்களே’ விஷயத்தை நான் விளையாட்டாக நினைக்கவில்லை. ஒரு பேருக்கு ஒரு பாலம் போகும் என்பதைப் பார்த்தவள் நான்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலில் வாழைமரம் முந்தின கல்யாணத்தில் கட்டியது, அப்படியே வாடித் தொங்கியது. நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி போட்டிருந்தார்கள். உள்ளே போனதும் டீயும் மசால்வடையும் கொடுத்தார்கள். சென்னைக்காரரை நான் வேறுமாதிரி நினைத்திருந்தேன். ஒல்லியாக, கதர்ச் சட்டை போட்டுக்கொண்டு, யார் வந்தாலும் எழுந்து நின்று கும்பிட்டார். அவர் பின்னால் ஒரு பெண் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர் முதலில் கொஞ்சம் பேசினார். மாநிலம் வளர்கிறது, ஆனால் ஒரே மாதிரி வளரவில்லை என்றார். தொழிற்சாலை எல்லாம் சென்னையைச் சுற்றியும் மேற்கிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது, நடுவில் இருக்கும் உங்களைப் போன்ற மாவட்டங்கள் ரோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கின்றன என்றார். நாம் கட்டும் வரி எவ்வளவு போகிறது, திரும்ப எவ்வளவு வருகிறது, அரசு எதற்காகக் கடன் வாங்குகிறது, பள்ளிக்கூடத்துக்குச் செய்யும் செலவு ஏன் செலவில்லை என்று விளக்கினார். எனக்கே புரிகிறமாதிரி பேசினார். “நான் பேச வரலைங்க. நீங்க பேசறதைக் கேட்டுட்டுப் போகத்தான் வந்திருக்கேன். ஒரே ஒரு வேண்டுகோள். ஆளுக்கு மூணு நிமிஷம்” என்றார். தொகுப்பாளர் ஒரு மேசை மணியைக் காட்டினார். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் வைத்திருப்பார்களே, அது.

பிறகு ஆரம்பித்தது. அரிசி ஆலைக்காரர் மின்கட்டணத்தைப் பற்றிப் பேசினார். கரும்புச் சங்கத்துக்காரர் கரும்பு விலையைப் பற்றி. ஜவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு போடுகிற ஒருவர், கிழங்கு விலையை ஆலைக்காரன் தீர்மானிக்கிறானா சர்க்கார் தீர்மானிக்கிறதா என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உட்கார்ந்துவிட்டார். ஒரு வக்கீல், “தனி மாவட்டமா ஆயிட்டோம், சந்தோஷம். கட்டடம் வந்துது, போர்டு வந்துது. வேலை எப்ப வரும்?” என்றார். அதற்குக் கைதட்டல் வந்தது. துணிக்கடைக்காரர் ஒருவர், பெண்களுக்கு பஸ்ஸில் காசில்லை என்று ஆனதிலிருந்து எங்கள் ஊர்க் கடைகளுக்கு யாரும் வருவதில்லை, எல்லாம் டவுனுக்குப் போய்விடுகிறார்கள் என்று குறைப்பட்டார். “அதுக்கு முன்னாடி மட்டும் ஒங்க கடையில இன்னா ரகம் வச்சிருந்தீங்க?” என்று ஒரு பெண் கவுன்சிலர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள். மண்டபம் சிரித்தது. சென்னைக்காரரும் சிரித்தார்.

நூறு நாள் வேலையால் நாற்று நட ஆள் கிடைக்கவில்லை என்று ஒரு பெரிய பண்ணைக்காரர் வெகு உருக்கமாகப் பேசினார். அவர் வெள்ளை வேட்டியைப் பார்த்தால் பிறந்ததிலிருந்து ஒரு நாற்று முடியைத் தொட்டவர் மாதிரித் தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சரி, இவரும் ஒன்று சொல்கிறார் என்று இருந்தேன்.

ஒன்று மட்டும் கவனித்தேன். பேசியவர்கள் எல்லோரும் ஆரம்பத்தில் மேடையைக் கும்பிட்டு விளிக்கவே பாதி நேரத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பழக்கப்பட்டவர்கள். மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டே இருப்பார்கள். தொகுப்பாளர் திரும்ப அடிப்பார். “முடிக்கிறேன், முடிக்கிறேன்” என்று சொல்லி இன்னொன்றைத் தொடங்குவார்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் வராது என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

என் பக்கத்து நாற்காலியில் மலையிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். வெள்ளிமலையையும் தாண்டி ஓர் ஊர். அங்கே உள்ள வார்டு உறுப்பினர். கள்ளக்குறிச்சி வெயிலில் தோளில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டிருந்தார். விடியும் முன்பே நடந்து, ஜீப் பிடித்து, பஸ் பிடித்து வந்ததாகச் சொன்னார்.

“உங்க மழைதான் எங்க ஓடைல வருது” என்றேன்.

“நாங்களாம்மா தெறந்து வுட்றோம்? அதுவா எறங்கி வருது” என்றார். பிறகு, குற்றம் சொன்னதாக நான் நினைத்துவிடக் கூடாது என்பதுபோல, மீதியிருந்த அரை வடையை என் பக்கம் நகர்த்தினார்.

அவரைத்தான் எனக்கு முன்னால் கூப்பிட்டார்கள். மைக்கின் முன்னால் போய் நின்றார். “எங்க ஊருக்கு ரோடு வேணுங்க. அவ்ளோதாங்க” என்றார். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்.

மண்டபத்தில் சிரிப்பு. மேடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “மேடைக்கி ஒரு வணக்கம்கூட இல்லியே” என்று யாரோ சொன்னது மைக்கில் கேட்டது. தொகுப்பாளர் பதறிப்போய் மைக்கைப் பிடித்து, மலைவாழ் சகோதரர் சார்பில் மேடையில் வீற்றிருக்கும் அனைவருக்கும் வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்வதாகச் சொல்லி, வரிசையாகப் பேர்களைச் சொல்ல ஆரம்பித்தார். மடிக்கணினிப் பெண் தலையை நிமிர்த்தி, “சார், எந்த ஊருன்னு சொன்னாரு?” என்று இரண்டு தடவை கேட்டாள். வணக்கத்தின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. மலைக்காரருக்கும் கேட்கவில்லை. நான் அவரைத் தொட்டுச் சொல்வதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மைக்கின் முன்னால் நின்றேன். பயம் இல்லை. பயப்படுவதற்கும் கொஞ்சம் உயிர் வேண்டும்.

“இந்தக் கூட்டத்துக்குச் சென்னையிலிருந்து வருகை தந்து சிறப்பித்திருக்கும் ஐயா அவர்களே. கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் செயல்வீரர், மாவட்டச் செயலாளர் அவர்களே. அன்பும் பண்பும் நிறைந்த எங்கள் ஒன்றியச் செயலாளர் அவர்களே.”

கொழுந்தனார் சொன்னது சரிதான். தானாக வந்தது. ஒரு பேர் அடுத்த பேரை இழுத்துக்கொண்டு வந்தது. மாவட்டப் பொருளாளர் முன்வரிசையில் கன்னத்தில் கை வைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஏழை எளியோரின் விடிவெள்ளி என்று ஒன்றைக் கூடுதலாகப் போட்டேன். அவர் கையைக் கன்னத்திலிருந்து எடுத்தார். அணிகளுக்கு வந்தேன். மகளிரணி, அப்புறம் இளைஞரணி. தொண்டரணி. அப்போது பக்கவாட்டுப் படியில் நாலைந்து பேர் ஏறி வந்தார்கள். தாமதமாக வந்தவர்கள். “முன்னாள் சேர்மன் வந்துட்டாரும்மா, சேத்துக்குங்க” என்று தொகுப்பாளர் காதோரம் சொன்னார். சேர்மனை மாவட்டச் செயலாளருக்குப் பக்கத்தில் சொல்லியிருக்க வேண்டும். இப்போது எங்கே சொருகுவது? திரும்ப மேலேயிருந்து வந்தேன். சேர்மனைச் சேர்த்தேன். கூட வந்தவர்களையும் ஒவ்வொருவராகத் தொகுப்பாளர் சொல்லச் சொல்லச் சேர்த்தேன். ஒவ்வொருவரும் பேர் வந்ததும் எழுந்து சபையைக் கும்பிட்டார்கள். ஒவ்வொருவரும் உட்காரும்வரை நிறுத்த வேண்டியிருந்தது. வர்த்தகர்கள் அவர்களே. பத்திரிகையாளர்கள் அவர்களே. கடைசியில் என்னைப் போன்ற ஊராட்சித் தலைவர்கள் அவர்களே.

“உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்” என்றேன்.

மணி அடித்தது.

மற்றவர்கள் மாதிரி முடிக்கிறேன் முடிக்கிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் கைதட்டல் வந்துவிட்டது. அதுவரை யாருக்கும் வராத கைதட்டல். ஒருவரையும் விடாமல் சொன்ன ஒரே ஆள் நான்தான் போலிருக்கிறது. மாவட்டப் பொருளாளர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து, தன் தோளில் கிடந்த சால்வையையே எடுத்து எனக்குப் போட்டார். போட்டோ எடுத்தார்கள். தொகுப்பாளர் என் கையிலிருந்து மைக்கை மெதுவாக, பாசமாக, வாங்கிக்கொண்டார். பாலம் என்ற சொல் என் வாய்க்குள்ளேயே இருந்தது.

நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். இப்போது எனக்கு ஏதாவது தோன்ற வேண்டும் என்று காத்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. சால்வை கழுத்தில் அரித்தது.

“நல்லாப் பேசினீங்கம்மா” என்றார் மலைக்காரர். ஸ்வெட்டரைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார். “உங்க ஊருக்கு இன்னா வேணும்னுதான் தெரியலைங்க.”

“உங்க ஊரு எதுன்னு அவங்களுக்குத் தெரியல” என்றேன்.

அவர் அதைக் கேட்டுக்கொண்டார். மேடையைப் பார்த்தார். அங்கே அடுத்தவர் ‘அவர்களே, அவர்களே’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். “இன்னொரு வாட்டி போய் சொல்லட்டுங்களா?” என்று என்னைக் கேட்டார். கேட்டாரே தவிர எழுந்திருக்கவில்லை. கடைசி ஜீப்பை விட்டால் ராத்திரி வெள்ளிமலையிலேயே தங்க வேண்டும் என்று சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் கிளம்பிப் போனார்.

சாப்பாடு பிரியாணி. சாப்பிட்டு முடித்ததும் வாசலுக்கு ஓடினேன். சென்னைக்காரர் காரில் ஏறிவிட்டார், சுற்றிலும் ஆட்கள். இடித்துக்கொண்டு ஜன்னலருகே போனேன். அவர் என்னை அடையாளம் கண்டு கண்ணாடியை இறக்கினார். இரண்டு கையாலும் கும்பிட்டார்.

“ரொம்பத் தெளிவாப் பேசினீங்கம்மா” என்றார்.

“ஐயா, பாலம்…” என்றேன். வண்டி நகர்ந்துவிட்டது. அவர் இன்னும் கும்பிட்டுக்கொண்டே போனார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்கத்தான் வந்தார். நாங்கள்தான் அவரை வணங்கிக்கொண்டிருந்தோம்.

திரும்பி வரும் வழியெல்லாம் கொழுந்தனாருக்குத் தாங்கவில்லை. “அசத்திட்டீங்க அண்ணி. ஒரு பேரு வுடலியே! பொருளாளரே சால்வை போட்டாரு பாத்தீங்களா? அண்ணன் வுட்டத நீங்க சரி பண்ணிட்டீங்க.”

“பாலத்தக் கேக்கல, தம்பி.”

உண்மையாகவே அவர் கவனிக்கவில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. வரிசையை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். “அதுக்கின்னா, அடுத்த கூட்டத்துல கேட்டுக்கலாம். மொதல்ல நம்ம பேரு அங்க பதியணும் இல்ல?” என்றார். அப்புறம் பாட்டுப் போட்டார்.

ஓடைக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தரைப்பாலம் காய்ந்துதான் கிடந்தது. மேற்கே மலைமேல் மேகம் கட்டியிருந்தது. காலனிக்காரி பாலத்தின் எங்கள் பக்கக் கரையில் புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள். காரைப் பார்த்ததும் எழுந்தாள். நான் இறங்கினேன்.

அவள் முதலில் சால்வையைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. “கேட்டுட்டீங்களாம்மா?”

“இல்ல. கேக்கல.”

“வரலியா அவரு?”

“வந்தாரு. மேடையில இருக்கறவங்க பேரு சொல்லவே நேரம் சரியாப் போச்சி.”

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் சும்மாட்டை அவிழ்த்து உதறி மறுபடி சுருட்டினாள். ஓடையைப் பார்த்தாள், மேகத்தைப் பார்த்தாள்.

“அப்போ புள்ளைய அது மாமியா வூட்டுக்கே இட்டுக்கினு போய் வுட்டுடறேம்மா. திருக்கோவிலூர்ல ஆஸ்பத்திரி பக்கம். நாளைக்கே போய்டறோம். தலைச்சம் புள்ளைய ஆத்தா வூட்ல பெத்துக்க வக்கில்லன்னு சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போறாங்க. உசுரு முக்கியம் இல்ல?”

அவள் புல்லுக்கட்டைத் தூக்கிவிடச் சொன்னாள். இரண்டு பேருமாகத் தூக்கினோம். கட்டுக்குக் கீழேயிருந்து அவள் கேட்டாள்.

“எல்லாரு பேரும் சொன்னீங்களேம்மா. ஐயா பேர சொன்னீங்களா?”

மேடையில் இருந்தவர்கள், ஏறி வந்தவர்கள், உட்கார்ந்தவர்கள், நின்றவர்கள் என்று ஒருவர் விடாமல் சொல்லியிருக்கிறேன். இந்தச் சிமெண்டுத் தளத்தின்மேல், இதோ இந்த இடத்தில், செருப்பைக் கேட்டுக்கொண்டே போனவர் பேரை நான் சொல்லவில்லை. அந்த மண்டபத்தில் சொல்லியிருக்க வேண்டிய ஒரே பேர் அதுதான். பல்லுக்குப் போட்ட ஊசியின் மரப்பு விடும்போது முதலில் வலிதான் தெரியும். எனக்கு வலித்தது. அவர் போனபோது வராத அழுகை, கொழுந்தனார் காரில் பாட்டை நிறுத்திவிட்டுப் பார்க்கும் அளவுக்கு, சத்தமாக வந்தது.

அவள் புல்லுக்கட்டோடு அப்படியே நின்றாள். தொடவும் இல்லை, தேற்றவும் இல்லை. நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து வாயால் சொல்லாத அந்தப் பேரைச் சொன்னேன். முதல் தடவை குரல் எழும்பவில்லை. இரண்டாவது தடவை அவளுக்குக் கேட்டது.

“இத அங்க சொல்லிட்டு வந்திருக்கணும்மா” என்றாள்.